நார்த்தூள் மலையில் கேஸ் இல்லை. நெல் ஊறின தண்ணியில் இருக்கு! செட்டிநாட்டு ஆலைக் கழிவுகளின் கணக்கு

“அம்மான், இந்த வீடியோவைப் பாருங்க. ஆலைக் கழிவுலேருந்து கேஸ் எடுக்குறாங்க. நம்ம ஆலையிலயும் போடலாமே?”

“பாத்தேன்ப்பா. நல்லாத்தான் இருக்கு. நம்மகிட்டதான் உமி மலையாக் கெடக்கே, அதைப் போட்டாக் கேஸ் வருமா?”

பெங்களூரில் ஐ.டி. வேலை பார்க்கும் ஒரு மருமகனும், காரைக்குடிப் பக்கம் அரிசி ஆலை நடத்தும் தாய்மாமனும் வாட்ஸ்அப்பில் இப்படிப் பேசிக்கொள்வதாக வைத்துக்கொள்வோம். மருமகனின் ஆசையில் தப்பில்லை. மாமனின் கேள்விதான் முக்கியம். ஏனென்றால் அதற்குப் பதில், “வராது” என்பது!

உமியில் கேஸ் வராது. சிங்கம்புணரிப் பக்கம் கயிறு ஆலைகளின் ஓரத்தில் பழுப்பு நிறத்தில் குவிந்து கிடக்கும் தேங்காய் நார்த்தூளிலும் உருப்படியாக வராது. ஆனால், அதே அரிசி ஆலையின் பின்பக்கம் வாய்க்கால் வழியாக வெளியே போகும் நெல் ஊற வைத்த தண்ணீரில் வரும். கண்ணுக்குப் பெரிதாகத் தெரியும் குவியலில் இல்லாத வாயு, யாரும் திரும்பிப் பார்க்காத கழிவுநீரில் இருக்கிறது. இது எப்படி? அதை எடுத்தால் லாபமா? யாருக்கு லாபம்?

கேஸ் எங்கிருந்து வருகிறது?

இட்லி மாவு புளிப்பதை எல்லோரும் பார்த்திருப்போம். ராத்திரி அரைத்து வைத்த மாவு காலையில் பொங்கி நிற்கும். கண்ணுக்குத் தெரியாத நுண்ணுயிரிகள் மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று, அமிலத்தையும் வாயுவையும் வெளியே விடுகின்றன. அதனால்தான் மாவு புளிக்கிறது; பொங்குகிறது.

பயோகேஸ் கலனில் நடப்பதும் கிட்டத்தட்ட இதுதான். ஒரே வித்தியாசம், இங்கே காற்று உள்ளே போகவே கூடாது. ஆக்சிஜன் இல்லாத இருட்டுத் தொட்டியில், நான்கு கட்டமாக வேலை நடக்கிறது. முதலில் ஒரு கூட்டம் நுண்ணுயிரிகள் மாவுச்சத்து, புரதம், கொழுப்பு போன்றவற்றைச் சின்னச் சின்னதாக உடைக்கும். அடுத்த கூட்டம் அதை அமிலமாக்கும். மூன்றாவது கூட்டம் அந்த அமிலங்களை வினிகரில் இருக்கிற அசிட்டிக் அமிலமாகவும் ஹைட்ரஜனாகவும் மாற்றும். கடைசியாக வரும் கூட்டம்தான் மெத்தேனை உண்டாக்கும்.

இப்படிக் கிடைக்கும் பயோகேஸில் பொதுவாக 55 முதல் 65 சதவீதம் மெத்தேன். மீதியில் பெரும்பகுதி கார்பன் டை ஆக்சைடு. கொஞ்சம் ஹைட்ரஜன் சல்பைடும் இருக்கும். அழுகின முட்டை நாற்றத்துக்கு இதுதான் காரணம்.

இதில் ஒரு சிக்கல் உண்டு. அமிலம் உண்டாக்கும் கூட்டம் வேகமாக வேலை செய்யும், வேகமாகப் பெருகும். மெத்தேன் உண்டாக்கும் கூட்டம் ரொம்ப மெதுவானது, நோஞ்சான். ஒரே நாளில் அளவுக்கு மீறித் தீனி போட்டால், முன்னவர்கள் அமிலத்தைக் கொட்டிக் குவித்துவிடுவார்கள். பின்னவர்களால் ஈடுகொடுக்க முடியாது. தொட்டி புளித்துப்போகும், கேஸ் நின்றுவிடும். பயோகேஸ் கலன்கள் வேலை செய்யாமல் போவதற்கு இது ஒரு முக்கியமான காரணம்.

உமி ஏன் ஆகாது?

எல்லாக் கழிவும் இந்த நுண்ணுயிரிகளுக்குச் சாப்பாடு அல்ல. மாவுச்சத்தும் சர்க்கரையும் அவற்றுக்குச் சோறு மாதிரி. செடிகளின் நார்ப் பகுதியில் இருக்கும் லிக்னின் அப்படியல்ல. மரத்தை மரமாக நிற்க வைப்பதே அதுதான். காற்றில்லாத தொட்டியில் இருக்கும் நுண்ணுயிரிகளால் அதைக் கிட்டத்தட்ட உடைக்கவே முடியாது.

தேங்காய் நார்த்தூளில் ஏறக்குறைய 30 சதவீதம் லிக்னின். போதாக்குறைக்கு, அதில் கார்பனுக்கும் நைட்ரஜனுக்கும் உள்ள விகிதம் 100-க்கு 1 என்பதையும் தாண்டும். மெத்தேன் நுண்ணுயிரிகளுக்குச் சரிப்பட்டு வருவது 20-க்கு 1 முதல் 30-க்கு 1 வரை. அதாவது நார்த்தூள், உப்பு புளி எதுவும் இல்லாத மரத்தூள் சாப்பாடு.

அதற்காக நார்த்தூள் வீண் என்று அர்த்தமில்லை. அதற்கு வேறு வழி இருக்கிறது. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம், சிப்பிக் காளானையும் கொஞ்சம் யூரியாவையும் சேர்த்து நார்த்தூளை மட்க வைக்கும் முறையைப் பல வருஷமாகச் சொல்லிக்கொடுத்து வருகிறது. லிக்னினை உடைக்கும் திறமை காளானுக்கு உண்டு. ஆனால் அதற்குக் காற்று வேண்டும். கழுவி உப்பு நீக்கி, கட்டியாக அழுத்தி, செடி வளர்க்கும் ஊடகமாக ஏற்றுமதியும் ஆகிறது.

உமியின் கதையும் இதுதான். நெல் எடையில் சுமார் 20 சதவீதம் உமி. அதில் லிக்னினோடு சிலிக்காவும் சேர்ந்திருக்கிறது. அது நன்றாக எரியும், ஆனால் செரிக்காது. அரிசி ஆலைக்காரர்கள் தலைமுறை தலைமுறையாக அதை பாய்லரில் போட்டு எரித்து, அந்த ஆவியில் நெல் அவிப்பது சரியான கணக்குத்தான். கடலைத் தோல் கதையும் இதுவே.

சுருக்கமாகச் சொன்னால், காய்ந்து கெட்டியாக இருப்பதை எரிக்கலாம் அல்லது மட்க வைக்கலாம். ஈரமாக, மென்மையாக, சீக்கிரம் ஊசிப்போகிற மாதிரி இருப்பதுதான் கேஸ் ஆகும். நாற்றம் வருகிறதா என்று பார்த்தாலே பாதி விடை கிடைத்துவிடும். ஏனென்றால், வாய்க்காலில் நாற்றமாக வெளியேறுவது, மூடிய தொட்டியில் இருந்திருந்தால் கேஸாகியிருக்கக் கூடிய சரக்கு.

சேலத்துக் கிழங்குத் தண்ணி சொல்லும் பாடம்

தமிழ்நாட்டில் இதைப் பெரிய அளவில் பார்க்க வேண்டுமென்றால் சேலம், நாமக்கல் பக்கம் போக வேண்டும். இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் மலேயா பக்கமிருந்து ஜவ்வரிசி வருவது நின்றுபோக, 1940-களில் சேலத்தில் மரவள்ளிக் கிழங்கிலிருந்து ஜவ்வரிசி எடுக்கும் தொழில் வேர்விட்டது. ஆலைகள் பெருகி, 1981-ல் ‘சேகோசர்வ்’ என்கிற கூட்டுறவு விற்பனைச் சங்கமும் வந்தது. இன்று பாயசத்தில் மிதக்கும் ஜவ்வரிசியில் பெரும்பகுதி அந்தப் பக்கத்துச் சரக்குத்தான்.

ஜவ்வரிசி ஆலைக்குத் தண்ணீர் நிறைய வேண்டும். கிழங்கைத் தோலுரித்துக் கழுவி, அரைத்து, பாலைச் சல்லடையில் வடிகட்டித் தொட்டியில் விடுவார்கள். மாவு அடியில் படியும். மேலே தெளியும் தண்ணீரை வடித்துவிடுவார்கள். சல்லடையில் நிற்கும் நாருக்கு ‘திப்பி’ என்று பெயர். அதைக் காயவைத்து மாட்டுத்தீவனத்துக்கு விற்றுவிடலாம். வடித்த தண்ணீர்தான் தலைவலி. கரைந்த மாவுச்சத்தும் சர்க்கரையும் அதில் இருப்பதால் சில மணி நேரத்திலேயே புளித்துவிடும். மரவள்ளியில் இயற்கையாகவே இருக்கும் சயனைடு சேர்மங்களும் அதில் கொஞ்சம் கலந்திருக்கும். அப்படியே ஓடையில் விட்டால் மீன் சாகும், கிணறு கெடும், ஊரே நாறும்.

மாசுக் கட்டுப்பாட்டு விதிகள் இறுகின பிறகு, அங்குள்ள பல ஆலைகள் இந்தத் தண்ணீரை மூடிய கலன்களுக்குள் விட ஆரம்பித்தன. வருகிற கேஸை ஜெனரேட்டர் ஓட்டவும், ஜவ்வரிசி வறுக்கவும், பாய்லருக்கும் பயன்படுத்துகிற ஆலைகள் உண்டு. அதாவது, நாற்றத்துக்காகத் திட்டு வாங்கிய தண்ணீரே விறகுச் செலவையும் கரண்ட் பில்லையும் குறைத்தது.

எவ்வளவு கேஸ் வரும்? இதற்கு ஒரு எளிய வாய்ப்பாடு இருக்கிறது. கழிவுநீரில் எவ்வளவு அழுக்கு இருக்கிறது என்பதை சி.ஓ.டி. என்ற அளவால் சொல்வார்கள். அந்த அழுக்கை முழுக்க ஆக்சிஜனேற்றம் செய்ய எவ்வளவு ஆக்சிஜன் வேண்டும் என்பதே அது. 1 கிலோ சி.ஓ.டி. நீக்கப்பட்டால் 0.35 கன மீட்டர் மெத்தேன் கிடைக்கும். உலகம் முழுக்க இதே கணக்குத்தான்.

உதாரணத்துக்கு, ஒரு ஜவ்வரிசி ஆலையில் தினமும் 1 லட்சம் லிட்டர் தண்ணீர் வெளியே வருகிறது, லிட்டருக்கு 5 கிராம் சி.ஓ.டி. என்று வைத்துக்கொண்டால், மொத்தம் 500 கிலோ. அதில் 80 சதவீதம் செரித்தால் 400 கிலோ. கிடைக்கும் மெத்தேன் 140 கன மீட்டர். வெப்பத்தில் இது சுமார் 109 கிலோ சமையல் கேஸுக்குச் சமம். வீட்டுக்கு வரும் 14.2 கிலோ சிலிண்டர் ஏழுக்கும் மேல். ஜெனரேட்டரில் விட்டால் தினமும் 400 யூனிட்டுக்குக் குறையாத மின்சாரம். இதைச் சும்மா விடலாமா?

கரூரில் கரும்புச் சக்கை கழுவிய தண்ணி

இதே பாடத்தை இன்னும் தெளிவாகச் சொல்வது கரூர் மாவட்டம் காகிதபுரத்தில் இருக்கும் தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம், அதாவது டி.என்.பி.எல். 1979-ல் தமிழக அரசு தொடங்கிய இந்த ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து காகிதம் செய்கிறது. சர்க்கரை ஆலைகளிலிருந்து வரும் சக்கையை மலைபோலக் குவித்து, நனைத்து வைத்து, பிறகு கழுவி எடுப்பார்கள். சக்கையில் ஒட்டியிருக்கும் மிச்சச் சர்க்கரை அந்தத் தண்ணீரில் கரைந்து வரும்.

2003 வாக்கில் இந்தத் தண்ணீரிலிருந்து கேஸ் எடுக்கும் கலனை டி.என்.பி.எல். அமைத்தது. அந்தக் கேஸ், ஆலையின் சுண்ணாம்புக் காளவாயில் பர்னஸ் ஆயிலுக்குப் பதிலாக எரிகிறது. காலநிலை மாற்றத்துக்கான ஐ.நா. அமைப்பின் தூய்மை மேம்பாட்டுத் திட்டத்திலும் இது பதிவானது.

இங்கே கவனிக்க வேண்டிய விஷயம் ஒன்று. சக்கை காகிதமானது, சக்கையைக் கழுவிய தண்ணீர் கேஸானது. கிழங்கில் திப்பி தீவனமானது, தண்ணீர் கேஸானது. நெல்லில் உமி நெருப்பானது. ஊற வைத்த தண்ணீர் மட்டும் இன்னும் வாய்க்காலில் போய்க்கொண்டிருக்கிறது.

காகித ஆலையில் இருப்பது ‘யு.ஏ.எஸ்.பி.’ வகைக் கலன். 1970-களில் நெதர்லாந்தின் வாகனிங்கன் பல்கலைக்கழகத்தில் காட்ஸே லெட்டிங்கா என்பவரின் குழு உருவாக்கியது. தண்ணீர் அடியிலிருந்து மேலே ஏறும். நுண்ணுயிரிகள் ஜவ்வரிசி மாதிரி குருணைகளாகத் திரண்டு அடியிலேயே நிற்கும். அதனால் தண்ணீர் சில மணி நேரத்தில் கடந்து போனாலும், நுண்ணுயிரிகள் அடித்துக்கொண்டு போகாது. சாணக் கலனில் சரக்கு ஒரு மாசத்துக்கு மேல் ஊற வேண்டும். இதில் ஒரு நாள்கூட வேண்டியதில்லை.

இதற்கு இன்னொரு நல்ல குணமும் உண்டு. முதன்முதலில் இதைப் பெரிய அளவில் பயன்படுத்தியது பீட்ரூட் வகைக் கிழங்கிலிருந்து சர்க்கரை எடுக்கும் ஆலைகளில். அந்த ஆலைகள் வருஷத்தில் சில மாதங்கள்தான் ஓடும். குருணை நுண்ணுயிரிகள் மாதக்கணக்கில் பட்டினி கிடந்தாலும், தீனி வந்ததும் மறுபடி வேலையைத் தொடங்கிவிடும். அறுவடைக்கு அறுவடை ஓடும் நம்மூர் ஆலைகளுக்கும் இது பொருந்தும்.

சரி, அம்மான் ஆலையில் எவ்வளவு வரும்?

புழுங்கலரிசி ஆலையில் நெல்லை அவிப்பதற்கு முன் தொட்டியில் ஊற வைப்பார்கள். ஒரு கிலோ நெல்லுக்கு ஒரு லிட்டருக்குக் கொஞ்சம் மேல் தண்ணீர் பிடிக்கும். வடிக்கும்போது அது மஞ்சளாக, புளிப்பு வாடையோடு வரும்.

தினமும் 10 டன் நெல் ஊற வைக்கிற ஒரு சின்ன ஆலையை எடுத்துக்கொள்வோம். வெளியே வருவது 12,000 லிட்டர் என்று வைத்துக்கொள்ளலாம். சி.ஓ.டி. ஆலைக்கு ஆலை மாறும்; கணக்குக்காக லிட்டருக்கு 4 கிராம். மொத்தம் 48 கிலோ. முக்கால் பங்கு செரித்தால் 36 கிலோ. மெத்தேன் 12.6 கன மீட்டர். அதாவது தினமும் 10 கிலோ சமையல் கேஸுக்குக் கொஞ்சம் குறைவு. ஓட்டலுக்கு வரும் 19 கிலோ சிலிண்டரில் பாதி.

இப்போது அதே ஆலையின் உமியைப் பார்த்தால், 10 டன் நெல்லுக்கு 2 டன் உமி. அதன் வெப்பத்தோடு ஒப்பிட்டால் இந்தக் கேஸ் 2 சதவீதம்கூடத் தேறாது. ஆக, ‘கேஸ் வந்தால் பாய்லர் ஓடும்’ என்று யாராவது சொல்லி விற்க வந்தால் நம்பக் கூடாது. ஆலைத் தொழிலாளர்களுக்குச் சமைக்கலாம், டீ போடலாம். அவ்வளவுதான்.

அப்படியென்றால் எதற்கு இந்த வேலை?

லாபம் கேஸில் இல்லை, தண்ணியில்

அந்த 36 கிலோ அழுக்கை எப்படியாவது நீக்கித்தான் ஆக வேண்டும். வழக்கமான முறையில், தொட்டியில் காற்றை அடித்துச் சுத்தம் செய்வார்கள். அதற்கு மோட்டார் ராத்திரி பகலாக ஓட வேண்டும். 1 கிலோ சி.ஓ.டி. நீக்க அரை யூனிட் முதல் 1 யூனிட் வரை மின்சாரம் ஆகும். தவிர, நீக்கிய அழுக்கில் கணிசமான பங்கு சேறாக மிஞ்சும். அதை அள்ளிக் கொட்ட வேறு செலவு.

காற்றில்லாத கலனில் மின்சாரம் சொற்பம். சேறும் அதில் ஒரு சின்னப் பங்குதான். செலவு வைக்க வேண்டிய இடத்தில் கொஞ்சம் வரவு வருகிறது. இதுதான் உண்மையான லாபம்.

ஆனால் இதோடு முடிந்துவிடாது. கலனைத் தாண்டி வரும் தண்ணீரில் லிட்டருக்கு 1,000 மில்லிகிராம் சி.ஓ.டி. இன்னும் மிச்சம் இருக்கும். நீர்நிலையில் விடுவதற்கு இந்தியாவில் பொதுவான வரம்பு 250 மில்லிகிராம். ஆகவே, பின்னால் ஒரு சின்னக் காற்றூட்டும் தொட்டியோ, வேறு சுத்திகரிப்போ கட்டாயம் வேண்டும். “பயோகேஸ் பிளான்ட் போட்டாச்சு, இனிமே கண்மாய்ல விடலாம்” என்பது தப்புக் கணக்கு.

செட்டிநாட்டில் இது சின்ன விஷயமல்ல. வைகைக் கரையை விட்டுத் தள்ளிப் போகப் போக, சிவகங்கை மாவட்டத்தின் பெரும்பகுதி மழையை நம்பின பூமி. ஓடுகள் மேல் விழும் மழையை முற்றத்தில் பிடித்த வீடுகளும், ஊருக்கு ஊர் படிக்கட்டு கட்டிய ஊருணிகளும், ஒன்று நிரம்பி அடுத்ததுக்குப் போகும் கண்மாய்களும் சும்மா அழகுக்காக உண்டாகவில்லை. ஒரு கண்மாயில் விடும் கழிவு, மழைக்காலத்தில் அடுத்த கண்மாய்க்கும் போகும்.

எல்லா ஆலைத் தண்ணியையும் ஒரே இடத்தில் சேர்த்தால்?

ஐ.டி. மருமகனுக்கு அடுத்து இந்த யோசனைதான் வரும். பத்து ஆலைத் தண்ணீரை லாரியில் ஏற்றி ஒரே பிளான்ட்டில் விடலாமே?

கணக்கு இடிக்கும். 12,000 லிட்டர் டேங்கர் ஒரு நடை போனால் அதற்குள் இருப்பது 10 கிலோ கேஸ்கூட இல்லை. மீதியெல்லாம் வெறும் தண்ணீர். சில பத்து கிலோமீட்டர் போய்வந்தாலே டீசல் காசு கேஸ் காசை விழுங்கிவிடும். பக்கத்துப் பக்கத்தில் இருக்கும் ஆலைகள் குழாய் போட்டு இணைத்தால் வேறு விஷயம். மற்றபடி, கழிவுநீர் எங்கே உண்டாகிறதோ அங்கேயே கலன் இருக்க வேண்டும். கேஸை எரிக்கும் அடுப்பும் அங்கேயே இருக்க வேண்டும். சேலத்திலும் கரூரிலும் இது வேலை செய்வதற்கு இதுவும் ஒரு காரணம்.

லாரியில் ஏற்றத் தகுந்த சரக்கு வேறு. சர்க்கரை ஆலையில் கரும்புச் சாற்றை வடிகட்டும்போது மிஞ்சும் ‘பிரஸ் மட்’ அதில் ஒன்று. அரைக்கும் கரும்பில் 3 முதல் 4 சதவீதம் வரை இது வரும். சிவகங்கை அருகே படமாத்தூரில் சர்க்கரை ஆலை இருக்கிறது. இதுபோன்ற ஆலைகள் உள்ள இடங்களில், சுமார் 25 டன் பிரஸ் மட்டிலிருந்து 1 டன் சுத்திகரித்த பயோகேஸ் எடுக்கலாம் என்பது துறையில் புழங்கும் கணக்கு. பிரச்சினை, அரவை சில மாதங்கள்தான். திறந்த வெளியில் சேமித்து வைத்தால் வெயிலில் அதுவே மட்கிச் சூடாகி, வர வேண்டிய கேஸ் காற்றோடு போய்விடும்.

வெல்லப்பாகிலிருந்து சாராய ஆலை எரிசாராயம் எடுக்கும்போது மிஞ்சும் கழிவுநீர் இன்னும் கனமானது. 1 லிட்டர் எரிசாராயத்துக்கு 8 முதல் 15 லிட்டர் வரை அது வரும். நெல் தண்ணீரைவிட இருபது மடங்குக்கும் மேல் அடர்த்தி. நாட்டில் பல சாராய ஆலைகள் அதிலிருந்து கேஸ் எடுத்துத் தங்கள் பாய்லரையே ஓட்டுகின்றன.

காய்கறிச் சந்தைக் கழிவு, கல்யாண மண்டபச் சாப்பாட்டு மிச்சம் ஆகியவையும் ஏற்றிக்கொண்டு போகத் தகுந்தவை. 2024-ல் மாநகராட்சியான காரைக்குடிக்கு இந்தச் சரக்குக்குப் பஞ்சமில்லை. ஆனால் பிளாஸ்டிக் கவரும் வாழை நாரும் கலக்காமல் பிரித்துக் கொடுக்க வேண்டும். கலந்து வந்தால் பம்ப் அடைக்கும்.

அரசுத் திட்டங்கள் என்ன சொல்கின்றன?

பயோகேஸிலிருந்து கார்பன் டை ஆக்சைடையும் ஹைட்ரஜன் சல்பைடையும் நீக்கி, மெத்தேனை 90 சதவீதத்துக்கு மேல் கொண்டுவந்து அழுத்தி அடைத்தால் அது சி.பி.ஜி. வண்டிக்குப் போடும் சி.என்.ஜி.க்குச் சமம். 2018 அக்டோபரில் மத்திய அரசு ‘சதத்’ திட்டத்தைத் தொடங்கியபோது 5,000 பிளான்ட்கள் என்று இலக்கு வைத்தது. சொன்ன காலத்தில் அதன் அருகில்கூட வரவில்லை. இப்போது, நகர எரிவாயு நிறுவனங்கள் தங்கள் கேஸில் சி.பி.ஜி. கலக்க வேண்டும் என்று கட்டாயமாக்கியிருக்கிறார்கள். 2025-26-ல் 1 சதவீதம், படிப்படியாக உயர்ந்து 2028-29 முதல் 5 சதவீதம்.

ஆனால் சி.பி.ஜி. தினமும் டன் கணக்கில் உற்பத்தி செய்பவர்களுக்கான ஆட்டம். சுத்திகரிக்கும் கருவி, அழுத்தும் இயந்திரம் எல்லாம் பெரிய முதலீடு. தினம் 10 கிலோ வரும் அரிசி ஆலைக்கு அது சரிப்படாது. அந்த ஆலை, கேஸை அப்படியே அடுப்பில் எரிப்பதுதான் புத்திசாலித்தனம்.

எங்கே சறுக்கும்?

நாடு முழுக்கக் கட்டிப் போட்டு, பிறகு துருப்பிடித்துக் கிடக்கும் பயோகேஸ் கலன்கள் நிறைய. காரணங்கள் பெரும்பாலும் ஒன்றேதான். ஒரு நாள் நிறைய, மறுநாள் ஒன்றுமில்லை என்று தீனி போடுவது. அமிலத் தன்மையைத் தினமும் அளக்காமல் விடுவது. ஹைட்ரஜன் சல்பைடை நீக்காமல் ஜெனரேட்டரில் விட்டு இன்ஜினை அரித்துப்போக விடுவது. கட்டியவர் போன பிறகு பார்த்துக்கொள்ள ஆள் இல்லாதது.

இன்னொன்று உயிர் சம்பந்தப்பட்டது. கலனுக்குள்ளோ, கழிவுத் தொட்டிக்குள்ளோ யாரும் இறங்கவே கூடாது. ஹைட்ரஜன் சல்பைடு அதிகமானால் மூக்குக்கு வாடையே தெரியாது. சில மூச்சில் ஆள் விழுந்துவிடுவார். காப்பாற்ற இறங்கியவரும் சேர்ந்து போகும் செய்திகள் நமக்குப் புதிதல்ல. இறங்காமலே சேறு எடுக்கும் வசதி இருக்கிறதா என்பதைக் கட்டும்போதே கேட்டுவிட வேண்டும்.

பணம் போடும் முன் கேட்க வேண்டிய ஐந்து கேள்விகள்

1. கழிவு ஈரமாக, சீக்கிரம் ஊசிப்போவதா? காய்ந்த நார் என்றால் இந்த வழி வேண்டாம்.

2. லேபில் கொடுத்து சி.ஓ.டி. பார்த்தாச்சா? அந்த எண் இல்லாமல் யார் சொல்லும் கேஸ் கணக்கும் வெறும் பேச்சு. மேலே சொன்ன 0.35 வாய்ப்பாட்டைப் போட்டு நீங்களே சரிபார்க்கலாம்.

3. கழிவு வருஷத்தில் எத்தனை மாதம் வரும்? இடைப்பட்ட காலத்தில் கலன் என்ன செய்யும்?

4. வரும் கேஸை அதே வளாகத்தில் எரிக்க இடம் இருக்கிறதா? இல்லையென்றால் மெத்தேன் காற்றில் போகும். பூமியைச் சூடாக்குவதில் அது கார்பன் டை ஆக்சைடைவிடப் பல மடங்கு மோசம்.

5. கலனைத் தாண்டி வரும் தண்ணீர் எங்கே போகும்? அதை 250-க்குக் கீழே கொண்டுவரும் ஏற்பாடு என்ன?

இந்த ஐந்துக்கும் பதில் இருந்தால், மருமகன் அடுத்த முறை ஊருக்கு வரும்போது அம்மானோடு உட்கார்ந்து பேசலாம். அம்மான் இப்போது உமியைப் பற்றிக் கேட்க மாட்டார்.

“தண்ணியை லேபுக்குக் குடுத்துப் பார்ப்போம்ப்பா. கேஸ் கொஞ்சமா வந்தாலும் சரி. ஆலைக்குப் பின்னாடி கண்மாய் நாறாம இருந்தாலே பெரிய விஷயம்தான்.”